பச்சை மைத் திருத்தங்கள்

— அடிச்சாரா?

— இல்ல மேடம்.

— குடி? வேற பொம்பளை சகவாசம்?

— ஒண்ணும் கிடையாது. சத்தம் போட்டுக்கூடப் பேசமாட்டார்.

— எதிர்த்தரப்பு வக்கீல் கேக்கப்போறதைத்தான் நான் இப்பவே கேக்கறேன், கோவிச்சுக்காதே. விவாகரத்து கேஸ்ல கொடுமைன்னா அடி உதை மட்டும் இல்ல, மனசைப் போட்டு வதைக்கறதும் அதுல சேத்திதான்னு கோர்ட்டு ஏத்துக்கிட்டு எத்தனையோ வருஷமாச்சு. ஆனா வாயால சொன்னா போதாது. என்ன நடந்துச்சு, என்னைக்கு நடந்துச்சு, ரெண்டும் வேணும். எழுதிட்டு வரச் சொன்னேனே?

— கொண்டு வந்திருக்கேன். பன்னெண்டு சம்பவம். படிச்சா சிரிப்பீங்க.

— இருபத்திரெண்டு வருஷமா இந்த நாற்காலில உக்காந்திருக்கேம்மா. சிரிப்பெல்லாம் எப்பவோ போச்சு. குடு. 'நான் மடிச்சு வெச்ச துணியைப் பிரிச்சுத் திரும்ப மடிப்பார்.' சரி, அடுத்தது. 'நான் பூட்டின கதவைத் திறந்து மறுபடி பூட்டுவார்.' அடுத்தது. 'வீட்டுக்கு வந்தவங்ககிட்ட நான் எதைச் சொன்னாலும், "அவ என்ன சொல்லவர்றான்னா"ன்னு ஆரம்பிப்பார்.' ம்.

— ஒண்ணொண்ணா பாத்தா ஒண்ணுமே இல்ல மேடம். எங்க அக்காவே சொல்றா, "பொறுப்பான மனுஷன்டி. எங்க வீட்டுது ஈரத் துண்டைக் கட்டில்மேல போட்டுட்டுப் போகுது, மாத்திக்கலாமா?"ன்னு.

— உங்க அக்காவைச் சாட்சிக்குக் கூப்பிடவேண்டாம்.

— அவரு வேலை அப்படி மேடம். கடை கடையாப் போய்த் தராசு சரியா இருக்கான்னு பாத்து முத்திரை குத்தறது. வீட்டுக்கு வந்தா அந்தக் கண்ணைக் கழட்டி வெக்கத் தெரியல.

— நான் உனக்கு வக்கீலா, நீ அவருக்கு வக்கீலா? துணிக்கு என்ன ஆச்சுன்னு சொல்லிட்டே. உனக்கு என்ன ஆச்சு?

— நான் மருந்துக்கடையில நிக்கறேன். பதினோரு வருஷம். ஒரு மாத்திரை மாத்திக் குடுத்ததில்ல. இப்போ பத்து மாத்திரை எண்ணிட்டு, முதலாளி முன்னால நீட்டி, "பத்துதானேண்ணே?"ன்னு கேக்கறேன். போன மாசம் ஒரு பெரியவர், "உன் பேர் என்னம்மா?"ன்னார். வாயில வந்த பேரை முழுங்கிட்டுத் திரும்பிப் பாத்தேன் மேடம், பின்னால யாராவது சரிபண்ணப் போறாங்களோன்னு.

— இதை எழுதலியே நீ.

— இது அவர் செஞ்சது இல்லையே.

— இதுதாம்மா அவர் செஞ்சது.

— ஆனா அவருக்கு அது தெரியாது மேடம். அதனாலதான் மூணு தடவை வந்தும் வக்காலத்துல கையெழுத்துப் போடாமப் போனேன். கூட்டத்துல ஒருத்தர் தெரியாம நம்ம காலை மிதிச்சுட்டா, அவரைக் கோர்ட்டுக்கா இழுப்போம்?

— தெரிஞ்சு செஞ்சாரா, தெரியாம செஞ்சாரான்னு சட்டம் அவ்வளவாப் பாக்காது.

— நான் பாப்பேன்.

— சரி, உன் இஷ்டம். அதென்ன, எல்லாத்துக்கும் தேதி போட்டிருக்கே? ஒண்ணுகூட ஞாபகம் இல்லன்னு அழுதியே போன தடவை. கிழமைகூட இருக்கு. பச்சை மையில.

— அது அவர் போட்டது.

— யாரு?

— இந்தத் தாளைச் சமையலறை இழுப்பறையில, கரண்டிக்கெல்லாம் அடியில ஒளிச்சு வெச்சிருந்தேன். நான் அடுக்கின கரண்டியை அவர் எடுத்துத் திரும்ப அடுக்குவார்னு அந்த நேரத்துல தோணல. நேத்துக் காலைல எழுந்து வந்தா மேசைமேல இருக்கு. "தேதி இல்லாமக் கொண்டுபோனா நீதான் அங்க அவமானப்படுவே"ன்னார். ஷூவை மாட்டினார், வேலைக்குக் கிளம்பிட்டார்.

— கோபமே படலியா?

— வாசல்ல நின்னு, "ஏழாவது சம்பவம், நாம ஊர்லேருந்து திரும்பின அன்னைக்கு இல்ல, மறுநாள்"ன்னு மட்டும் சொன்னார்.

— அடக் கடவுளே. பன்னெண்டையும் தன் கையாலயே ஒப்புக்கிட்டிருக்கார் மனுஷன்! எனக்கு இப்படி ஒரு எதிராளி கெடச்சதே இல்ல. நீ முழுசாப் படிச்சியா?

— இல்ல. பச்சையைப் பாத்ததும் மடிச்சுப் பையில போட்டுட்டேன்.

— பின்பக்கம்?

— பின்பக்கம் நான் எதுவும் எழுதலியே.

— பதிமூணுன்னு நம்பர் போட்டிருக்கு. அவர் எழுத்துதான். படிக்கவா?

— படிங்க.

— 'விட்டுப்போனது. அவள் அப்பா இறந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தா. அக்காவுக்கு போன் செய்து, அப்பா போய் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது என்று அழுதாள். பக்கத்தில் நின்று, நாற்பது நிமிடம் என்று திருத்தினேன். அதன்பின் நாற்பத்தாறு நாள் அவளாக என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தினமும் எண்ணினேன்.'

— அந்தத் தாளை இப்படிக் குடுங்க மேடம்.

— இந்தா, நீயே பாரு.

— நாப்பத்தாறு நாளா மேடம்? எனக்கே தெரியாது.

— அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

— எண்ணிக்கிட்டே இருந்திருக்கார். எண்ணி முடிச்சிட்டு, நாப்பத்தேழாம் நாள் பழையபடி என் துணியைப் பிரிச்சு மடிச்சிருக்கார்.

— இன்னைக்கே முடிவு பண்ணணும்னு இல்ல. இந்தா வக்காலத்து. வீட்டுக்குக் கொண்டுபோ. உன் பேரு, விலாசம் எல்லாம் சரியா இருக்கான்னு நிதானமாப் பாரு. தப்பு இருந்தா திருத்திக்கலாம்.

— இருந்தா இருந்துட்டுப் போகட்டும் மேடம். பேனா குடுங்க.