முந்நூற்றுப் பன்னிரண்டும் பச்சை

காலையில் ஆறே காலுக்கு எழுவேன். பல் துலக்கிவிட்டுத் தண்ணீர் கொதிக்க வைப்பேன். அலமாரியிலிருந்து இரண்டு கோப்பை எடுத்து, ஒன்றைத் திரும்ப வைப்பேன். அவள் போய் நான்கு மாதம் ஆகிறது. கைக்கு அது இன்னும் தெரியவில்லை. சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு எட்டு இருபது பேருந்தைப் பிடிப்பேன். நேற்றும் அப்படித்தான் போனேன். அலுவலக வாசலில் உங்கள் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள், எழுதுகிறேன். உங்கள் இன்ஸ்பெக்டர் நேற்று இரண்டு மணி நேரம் விசாரித்ததில், சர்வர் படுத்துவிட்டதா என்று மட்டும் மூன்று முறை கேட்டார். சர்வர் நன்றாகத்தான் இருந்தது. புரியாதவர்களுக்கு எழுதுவது எனக்குப் பழக்கம். மேலாளருக்கு வாராவாரம் எழுதியதெல்லாம் அதுதான்.

வீட்டோடு இருக்கும் நோயாளிகளுக்காக எங்கள் நிறுவனம் ஓர் ஆப் நடத்துகிறது. திரையில் சிவப்புப் பட்டன் இருக்கும். அமுக்கினால் பணியில் இருக்கும் நர்ஸ் கூப்பிட்டுப் பேசுவார். தேவைப்பட்டால் ஆம்புலன்ஸ் அனுப்புவார். பட்டனை அமுக்கியதும் கிளம்பும் கோரிக்கை ஆப்பின் எந்தப் பகுதிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஒரு பட்டியல் சொல்லும். அதைத்தான் ரூட்டிங் என்கிறோம். தபால் பிரிக்கிற வேலை, வேறொன்றும் இல்லை. அந்தப் பட்டியல் என் பொறுப்பு.

என் மனைவிக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை. ஊழியர் குடும்பம் என்று ஆப்பை இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். மாதத்தில் இருபது தடவை அமுக்கினாள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. நர்ஸ் பத்து நிமிடம் பேசுவார், இவளுக்குப் படபடப்பு அடங்கும். ஏன் இப்படி என்று ஒரு முறை கேட்டேன்.

"தனியா இருக்கறப்ப பயமா இருக்குங்க. அந்தம்மா பேசினா நெஞ்சு அடங்கிடுது," என்றாள்.

அலுவலகச் சுவரில் ஒரு பெரிய திரை உண்டு. வரும் அழைப்பெல்லாம் உறுப்பினர் எண்ணோடு அதில் ஓடும். அவள் எண் அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். வந்ததும் யாராவது ஒருவர், நாற்காலியைக்கூடத் திருப்பாமல், "உங்க வீட்ல காலிங் பெல் அடிக்குது பாருங்க," என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். ஒரே ஜோக்கை ஏழு மாதம் சொல்லி ஏழு மாதமும் சிரிக்க முடிந்தவர்கள். மேலாளர் ஒரு நாள் அறைக்குள் கூப்பிட்டு, வீண் அழைப்புகள் கூடிக்கொண்டே போகின்றன, வீட்டில் கொஞ்சம் சொல்லி வையுங்கள் என்றார். சொல்வதற்கு முன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அந்த மரியாதைதான் எனக்குப் பிடிக்கவில்லை.

புதியவர்கள் பட்டனை அமுக்கிப் பழக ஆப்பில் ஒரு பயிற்சிப் பகுதி இருக்கிறது. 'உதவி வந்துகொண்டிருக்கிறது' என்று திரையில் காட்டும்; யாருக்கும் தகவல் போகாது. பட்டியலில் நான் ஒரு வரி சேர்த்தேன். ஊழியர் குடும்பங்களிலிருந்து வரும் அவசரக் கோரிக்கை இனி பயிற்சிப் பகுதிக்குப் போகும். அவள் எண்ணை மட்டும் போட்டிருக்கலாம், ஆனால் பார்த்தவுடன் பிடிபட்டுவிடும். அந்தப் பிரிவில் அப்போது மொத்தமே நான்கு பேர்.

அன்றே ஒரு டெஸ்ட் சிவந்தது. ஆப் சரியாக இருக்கிறதா என்று தானாக ஓடிப் பார்க்கும் டெஸ்டுகள் முந்நூற்றுப் பன்னிரண்டு வைத்திருந்தோம். சரி என்றால் பச்சை, தவறு என்றால் சிவப்பு. சிவந்ததை எழுதியவர் எங்கள் டெஸ்டர், நாற்பது வயதுப் பெண்மணி. ஆளில்லாத நேரத்தில் அவரைக் கொசு என்போம். உப்புப் பெறாத பிழையையும் காதருகே கொண்டுவந்து ரீங்காரமிடும். ஊழியர் குடும்பங்களுக்கென்று தனி டெஸ்ட் எழுதி வைத்திருந்ததற்கும் காரணம் உண்டு. அந்த நால்வரில் ஒருவர் கொசுவின் அப்பா.

கோரிக்கை போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை என்று கொசு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தது. உங்கள் டெஸ்ட்தான் தப்பு என்றேன். கன்ட்ரோலரை, அதாவது கோரிக்கையை வாங்கி வேலை செய்யும் பகுதியை, சோதிக்கும் டெஸ்ட் அதை மட்டும் சோதித்தால் போதும், வழியைப் பற்றி அதற்கென்ன கவலை என்றேன். பாதி உண்மை. பாதி உண்மைக்கு யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. வழியைத் தொடாமல் அவசரப் பகுதியை நேராகக் கூப்பிடும்படி அந்த டெஸ்டை நானே மாற்றி எழுதினேன். பச்சை.

நான் மாற்றிய வரிகளைக் கொசு விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தது.

"சுவரேறிக் குதிச்சு உள்ள போயிட்டு, வாசக்கதவு தெறந்துதான் இருக்குன்னு சொல்ற மாதிரி இருக்கே சார்," என்றது.

அது சொன்னது சரி. சரியானதைச் சொல்லிவிட்டு, 'பார்த்தேன், ஒப்புதல்' என்று பதிந்துவிட்டுப் போனது. அப்படிப்பட்டவர்களை என்னால் மதிக்க முடிவதில்லை.

நர்ஸ் கூப்பிடவே இல்லையே என்று அன்று மாலை என் மனைவி கேட்டாள். திரையில் 'உதவி வந்துகொண்டிருக்கிறது' என்று வந்தால் அவர்கள் பார்த்துவிட்டார்கள் என்று பொருள், உண்மையிலேயே தேவைப்பட்டால் ஆள் வந்துவிடும் என்றேன். நம்பினாள். பத்தொன்பது நாள் அமுக்கினாள், படித்தாள், அடங்கினாள். சுவர்த்திரையில் அவள் எண் வரவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. அவளுக்குத் தேவைப்பட்டது உதவி இல்லை, ஒரு வாக்கியம் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

இருபதாம் நாள் வீட்டுச் சொந்தக்காரம்மா போனில் கூப்பிட்டபோது மதியம் ஒரு மணி. என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டிருந்தாளாம், கையில் போன். கிளம்புவதற்கு முன் அந்த வரியை எடுத்துவிட்டேன். கொசுவின் அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நேரத்தில் எடுத்ததற்கு யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. மாறாக, நான்கு மாதம் கழித்துப் பழைய மாற்றங்களையெல்லாம் தோண்டி உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது கொசுதான்.

காரியங்கள் முடிந்த பிறகு அவளுடைய அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கடைசியா என்ன சொன்னா மாப்ள?" என்றார். என் பெயரைச் சொன்னாள் என்றேன். இப்படிப்பட்ட பதில் எல்லோருக்கும் பிடிக்கிறது. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அந்த இருபதாம் நாள் அவள் என்னைப் போனில் கூப்பிட்டது காலை பதினொரு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு. எனக்கு முன்னால் டெஸ்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் அமுக்கியது எங்கே போயிருக்கும் என்று அந்தக் கட்டடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆம்புலன்ஸ் எண்ணும் தெரியும். எப்போதும்போல் அடங்கிவிடும் என்று நினைத்தேன், இப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அன்று குரல் வேறு மாதிரி இருந்தது. அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் ஏன் ஆப்பில் வரவில்லை என்று கேட்பார்கள் என்பதுதான் முதலில் தோன்றியது. சரி என்றேன். வைத்துவிட்டாள். முந்நூற்றுப் பன்னிரண்டும் பச்சை.

அவள் உண்மையில் சொன்னது இதுதான்:

"ஏங்க, மூச்சே விட முடியல. பட்டன அமுக்கிட்டேன், உதவி வருதுன்னு போட்டிருக்கு. நீங்க பயப்படாம வேலையப் பாருங்க."