மூன்றாவது சக்கரம்

அந்த கிளப்பில் வறுத்த கோழி நன்றாக இருக்கும், ஐயா. வியட்நாமில் அமெரிக்கப் படையின் லாங் பின் முகாமில் வேலை பார்த்த பிலிப்பீன்ஸ்காரர்கள் எல்லோருக்கும் அங்கே ஒரு கண் உண்டு. எனக்கு அந்த வேலையை வாங்கித் தந்தவர் அன்செல்மோ, என் அக்கா மிலாக்ரோஸின் கணவர். கிளப்பில் காசு போட்டு சூதாடும் ஸ்லாட் மெஷின்களை நாங்கள் இருவரும்தான் பராமரித்தோம்.

கைப்பிடியை இழுத்தால் மூன்று சக்கரங்கள் சுற்றும். மூன்றிலும் பரிசுப் படம் நின்றால் பெரிய பரிசு. மூன்றாவது சக்கரத்தில் அந்தப் படம் நிற்காதபடி உள்ளே ஒரு சிறு தகட்டைப் பொருத்தியிருந்தோம். கிளப்பை நடத்திய சார்ஜென்ட் ரட்லெட்ஜின் உத்தரவு அது. எங்கள் பாஸ்போர்ட்டுகள் அவருடைய இரும்புப் பெட்டியில் இருந்தன. ஒரு முறை கேட்டுப் பார்த்தேன். சிரித்தார்.

"எங்கடா போகப் போற? வெளியே சண்டை நடக்குது."

அவர் சொன்னதும் நியாயம்தான்.

டெல்பர்ட் என்றொரு சிப்பாய் நாலாவது மெஷினை விட்டு நகரவே மாட்டான். ஊரில் ஒரு டிராக்டர் வாங்க வேண்டும் என்பான்.

"என்னண்ணே, இன்னைக்காவது விழுமா?" என்று அன்செல்மோவைக் கேட்டான்.

"கிட்ட வந்துடுச்சுப்பா. விட்டுடாதே."

எல்லோரிடமும் சொல்கிற பேச்சுதான். மறுநாள் ரோந்து போன டெல்பர்ட் திரும்பவில்லை. அன்செல்மோ அதன்பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. சண்டையில் ஆட்கள் சாவது புதிதா என்று நானும் எடுத்துச் சொன்னேன்.

கிளப்புகளைச் சோதிக்க ஒரு மேஜர் வரப்போவதாகச் செய்தி வந்தது. அன்செல்மோ என்னைத் தனியே அழைத்தார்.

"மாப்ளே, மேஜர் முன்னாடி மெஷினைத் தொறந்து தகட்டைக் காட்டிடப் போறேன்."

"நம்ம கதி என்ன அத்தான்?"

"ஜெயில்தான். ஜெயில்லருந்து என்னைக்காவது வெளியே விடுவாங்கல்ல? இங்கேருந்து நம்மள எவன் விடுவான்?"

யோசித்துப் பேசுகிறவர் போலத்தான் பேசினார். ஆனால் என்னைக் கேட்காமலே என்னையும் சேர்த்து முடிவு செய்துவிட்டார். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

சார்ஜென்டிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"மேஜர் வர்றதுக்கு முன்னாடி தகட்டையெல்லாம் எடுத்துடு. அவ்வளவுதான்."

"அத்தான் வாயைத் தொறந்தா?"

"அது உங்க குடும்ப விஷயம்."

தகடுகளை எடுத்துவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். தகடு போனாலும் பேச்சு இருக்கிறதே, ஐயா. பேச்சில் என் பெயரும் வரும். அதனால், அத்தான் திறக்கப் போவது டெல்பர்ட் ஆடிய மெஷினைத்தான் என்று கணித்து, அந்த நாலாவது மெஷினுக்குள் ஒரே ஒரு கரண்ட் ஒயரை இடம் மாற்றி, இரும்புச் சட்டத்தோடு சேர்த்து வைத்தேன். மழைக்காலம். கிளப்பின் தரை எப்போதும் ஈரமாகவே இருந்தது.

மேஜர் வந்தார். நான் சுவரோரம் மெயின் ஸ்விட்ச் அருகே நின்றேன். அது அணைந்திருந்தது. அன்செல்மோ சாவியைப் போட்டு நாலாவது மெஷினின் மூடியைத் திறந்தார். உள்ளே துழாவினார். தகடு இல்லை. திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. எதையோ ஒளித்து வைத்துவிட்ட பிள்ளையைப் பார்ப்பது போல ஒரு பார்வை.

"தகடு நேத்து வரைக்கும் இருந்துச்சு சார். அது உரசின தடம் சக்கரத்துல இருக்கும், சுத்தறப்ப காட்டறேன்" என்று மேஜரிடம் சொன்னார். ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "மாப்ளே, கரண்ட் போடு."

போட்டேன். அவர் கேட்டுத்தான் போட்டேன்.

கை சட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. உடம்பு விறைத்தது. தாடை இறுகிவிட்டதால் சத்தம் எழவில்லை. கண்கள் மட்டும் என் பக்கம் திரும்பின. அவர் சக்கரத்தைத் தடுத்துப் பிடிப்பதாக மேஜர் நினைத்தார் போலிருக்கிறது, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். என் கை ஸ்விட்சின் மேலேதான் இருந்தது. பிறகு மேஜருக்குப் புரிந்தது.

"அணைடா! அணை!"

உடனே அணைத்துவிட்டேன், ஐயா. அதற்கு முன்னால் அணைக்கச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை.