சந்தனம் வச்ச கார்பைன்

அட, டீயைக் குடிங்க தம்பி, ஆறிப்போவுது. நான் பத்திரிகைக்காரன் இல்ல, வக்கீலும் இல்ல. போலீசு ஆயுதப்படையில துப்பாக்கி ரிப்பேர் பாத்தவன். ரிட்டையர் ஆயிட்டேன். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல எறங்கி நேரா இங்கதேன் வாரேன். காளைங்கிறது நீங்கதான? வார்டு வாசல்ல நர்சம்மா கை காட்டுனாக. தங்கச்சிக்கு, அதேன் உங்க சம்சாரத்துக்கு, கால் எப்படி இருக்கு? எலும்புலயே பட்டுருச்சா... எடுக்கணுமா வேணாமான்னு நாளைக்குத்தேன் சொல்லுவாகளாமா. ம்.

போலீசுன்னதும் எந்திரிக்காதீங்க. ஒக்காருங்கய்யா. கையெழுத்துக் கேக்க வரல. தங்கச்சியைச் சுட்ட துப்பாக்கியைப் பத்தித்தேன் பேச வந்தேன். ஆமா, அதேதான். குட்டையா, குழாயெல்லாம் ஓட்டை ஓட்டையா, இடது பக்கம் வாழைக்காயாட்டம் ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்குமே. அந்த நீட்டிக்கிட்டு இருக்கறதுதேன் மேகசின், தோட்டா போடுற டப்பா. அந்தத் துப்பாக்கிய நாங்க கார்பைன்னுவோம்.

ஸ்டேசன்ல உங்ககிட்ட என்ன சொன்னாய்ங்க? ஆயுத பூசைக்குத் துப்பாக்கியை மேசையில வச்சிருந்தோம், மாலை கட்டிக் கொண்டாந்த பாண்டியம்மா மேசையை முட்டிருச்சு, துப்பாக்கி கீழ விழுந்து தானா வெடிச்சிருச்சு. அதானே? நீங்க நம்புனீங்களா? நம்பாம நான் என்ன செய்யிறதுங்கிறீங்க. அதுவும் சரிதேன். ஸ்டேசன்ல சொன்னா யாரு எதுத்துக் கேக்குறது.

விழுந்தா வெடிக்கிறது வேற துப்பாக்கி தம்பி. ரெண்டாம் உலகப் போர்ல வெள்ளைக்காரன் அவசரத்துக்கு அடிச்சு எறக்குனது. ஸ்டென்னு பேரு. ஒரு குழாய், ஒரு ஸ்பிரிங்கு, அங்கங்க வெல்டிங்கு, அம்புட்டுத்தேன். கை தவறிக் கீழ போட்டா உள்ள இருக்க இரும்புக் கட்டை பின்னாடி எகிறி, திரும்ப வந்து தோட்டாவைக் குத்திப்புடும். அவய்ங்க ஆளுகளையே அது பதம் பாத்திருக்கு. போர் முடிஞ்சப்பறம் அதுக்குப் பதிலா வந்ததுதேன் இந்த ஸ்டெர்லிங், நாங்க கார்பைன்னு சொல்றது. பேட்செட்னு ஒரு ஆளு நிதானமா யோசிச்சுச் செஞ்சது. அந்த இரும்புக் கட்டை மேல சாய்வா வரி வெட்டியிருப்பான், புழுதி உள்ள போனா அதுவே வழிச்சுத் தள்ளிரும். மேகசினுக்குள்ள தோட்டா சிக்காம ஏறணும்னு ரெண்டு உருளை வச்சிருப்பான். சேஃப்டியில போட்டுட்டா கட்டை அங்கிட்டு இங்கிட்டு நகராது. பெறகு நம்ம கான்பூர்லயே செய்ய ஆரம்பிச்சாய்ங்க. இன்னிக்கும் ஸ்டேசன்கள்ல கெடக்குறதெல்லாம் அந்தக் காலத்துதேன். அந்த ஸ்டென்னோட கெட்ட பேரை இது தலையில கட்டுறாய்ங்க. அதோட சேத்து உங்க சம்சாரம் தலையிலயும்.

என்னடா, பொண்டாட்டி காலு போவுமா இருக்குமான்னு கெடக்கா, இந்தாளு துப்பாக்கிப் பெருமை பேசுறானேன்னு பாக்குறீங்க. பெருமை இல்ல தம்பி, வெக்கக்கேடு. நேரா சொல்ல நாக்கு எந்திரிக்கல, அதேன் சுத்தி வளைக்கிறேன்.

உங்க வீட்டுல அருவா, மம்பட்டியெல்லாம் கழுவிச் சந்தனம் வைப்பீகள்ல? ஸ்டேசன்லயும் அப்படித்தேன். துப்பாக்கிய எல்லாம் தொடச்சு, எண்ணெய் போட்டு, வரிசையா வச்சு, சந்தனம் குங்குமம் வைப்போம். ஆனா ஒரு கட்டுப்பாடு உண்டு. மேகசின் மாட்டக் கூடாது. சாமிக்கு முன்னாடி காலித் துப்பாக்கிதேன் இருக்கணும். அந்தக் கார்பைன் வச்சிருந்த பய என்ன செஞ்சான்னா, மேகசின் இல்லாம பாக்க மூளியா இருக்கு, நல்ல நாளும் அதுவுமா மூளியா வைக்கக் கூடாதுன்னு எடுத்து மாட்டிட்டான். பக்தியாம். உள்ள தோட்டா இருக்கேங்கிற ஓசனை இல்ல.

பூசை முடிஞ்சு பொரிகடலை குடுக்கையில எவனோ செல்லுல வீடியோ எடுத்திருக்கான். இந்தப் பய துரை கணக்கா கார்பைனைத் தூக்கி, சேஃப்டியைத் தள்ளி, கட்டையை இழுத்து, விசையை அமுக்கிப்புட்டான். பூசையில வச்ச துப்பாக்கிதான, சும்மா தடக்குன்னு சத்தம் வரும்னு நெனைச்சிருக்கான். மாட்டுனவனே மறந்துட்டான். தங்கச்சி மேசைப் பக்கமே வரல. வாசப்படியில ஒக்காந்து மிச்சப் பூவைக் கூடையில அள்ளிக்கிட்டு இருந்திருக்கு. வீடியோவா? அப்பவே அழிச்சுட்டாய்ங்க.

எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பீங்கன்னு தெரியும். அந்தச் சுட்ட பயதேன் சொன்னான். நேத்து சோத்துல கை வைக்காம ஒக்காந்து அழுதுக்கிட்டே சொன்னான். பாவம், பயந்துட்டான்னு நானும் முதுகைத் தடவிக் குடுத்தேன். அப்பறம்தேன் கேட்டான். விசாரிக்க அதிகாரி வாராரு, கார்பைன் கீழ விழுந்தா வெடிக்கும்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, நீங்க சொன்னா எடுபடும்னான். தடவுன கையைக் கழுவணும்போல இருந்துச்சு எனக்கு. எத்தனையோ ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தவன் நான். முதல்ல மேகசினைக் கழட்டு, பெறகுதேன் மத்ததெல்லாம்னு தொண்டை கட்டக் கட்டக் கத்தியிருக்கேன். கை தவறுனதைக்கூட விட்டுரலாம் தம்பி. பூக்கட்டிப் பொழைக்கிற பொம்பளை மேல பழியைத் தூக்கிப் போட்டுட்டு, அதுக்கு என்னைய சாட்சிக்குக் கூப்புடுறானே. ராத்திரி பூரா அவன் ஆத்தா என் காலைப் பிடிச்சுக்கிட்டு, வேலை போயிரும், பேசி வச்ச கல்யாணம் நின்னுரும்னு ஒரே அழுகை. என்னால அவ மொகத்தையும் பாக்க முடியல.

ஆமா தம்பி. எம்மகன்தேன். சூரியபிரகாஷ்.

அந்தா, வண்டி ஸ்டாண்டுக்கிட்ட நீலச் சட்டை போட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறானே, அவன்தேன். நான்தேன் இழுத்துட்டு வந்தேன். நாளைக்கு அதிகாரிகிட்ட உள்ளதை உள்ளபடி நான் சொல்லிருவேன், அது முடிஞ்சுபோன பேச்சு. ஆனா அதுக்கு முன்னாடி, பாண்டியம்மா மேல தப்பு இல்லன்னு உங்க மொகத்தைப் பாத்து அவன் வாயால சொல்லணும். அடிக்கணும்னு தோணுச்சுன்னா அடிங்க. நான் அங்கிட்டுத் திரும்பிக்கிறேன்.

கூப்பிடவா?