பூனாகலைக் கணினிகளின் அரை மணி நேரம்

தலைமைக் கதிரையைத் தன் கனிவால் நிறைத்திருக்கும் பாடசாலை அதிபர் அம்மையார் அவர்களே! மேடையை அலங்கரிக்கும் விருந்தினர்களே! பதுளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் பஸ் ஏறி, கடைசி ஏற்றத்தில் இறங்கி அந்தப் பஸ்ஸையே தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்த நண்பர்களே! மத்தியானத்தோடு வேலையை விட்டால் அரைப் பேர்தான், அரைநாள் கூலிதான் விழும் என்று தெரிந்தும், கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பெரியோர்களே! சுருக்கமாகப் பேசு என்று கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டும் செயலாளர் அவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த விஜேந்திரனின் பணிவான வணக்கம்.

பண்டாரவளையில் துணி தைக்கும் என்னை இந்தக் கணினி நிலையத்துக்குத் தலைவனாக்கி வைத்திருக்கிறீர்கள். "தையல்காரருக்குக் கொம்பியூட்டர பத்தி என்ன தெரியும்?" என்று பின்னால் ஒருவர் கேட்கிறார். காதில் விழுந்தது ஐயா! ஒன்றும் தெரியாது. ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்லத் தெரியும். கொஞ்சம் கூட்டியும் சொல்லத் தெரியும். இன்றைக்குக் கூட்டிச் சொல்லத் தேவையே இல்லை, நடந்ததே அவ்வளவு பெரிது!

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. நாட்டின் நிலைமை உங்களுக்குத் தெரியும். வீதிக்கு வீதி சோதனைச் சாவடி. எங்கே போகிறாய்? எதற்குப் போகிறாய்? நீ யார்? அந்த ஆண்டில்தான் கொழும்பிலுள்ள ஒரு கல்வி நிறுவனம், தமிழிலேயே ஒரு கணினிப் பரீட்சையை நடத்த முன்வந்தது. பூனாகலையிலேயே எழுதலாம் என்றார்கள். கேட்ட மாத்திரத்தில் எங்கள் நெஞ்சம் நிமிர்ந்தது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள்.

அதுவரை நம் நிலையத்தின் கணினிகள் எல்லாம் ஒரே பெயரில் திறந்தன. ஒரே இரகசியச் சொல், அதுவும் ஊரறிந்த இரகசியம்! யார் எழுதியதை யார் திறந்தார், யார் வரைந்ததை யார் அழித்தார், யாருக்குத் தெரியும்? அது கூடாது என்றார்கள். ஒவ்வொருவரும் தன் பெயரில், தன் இரகசியச் சொல்லோடு உள்ளே வர வேண்டும். வந்தவர் அவர்தானா என்று பார்த்து உறுதி செய்யும் சேவையொன்றை நடுக் கணினியில், சேர்வர் என்கிறார்களே, அதில் நிறுவ வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் கொழும்புக்கு வந்துதான் எழுத வேண்டும் என்றார்கள்.

கொழும்புக்கு வருவதா? இதோ, இரண்டாம் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாரே பாக்கியலெட்சுமி, அவர் எப்படி வருவார்? காலையில் கொழுந்து பறித்துவிட்டு மாலையில் கணினி பழகிய பெண். தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தார், வரவில்லை. கையிலிருந்தது தபால் அடையாள அட்டை ஒன்றுதான். பரீட்சைக்கு அது போதும். சோதனைச் சாவடிக்கு அது போதுமா? "போற வழியில புடிச்சா யாரு வந்து மீட்கிறது?" என்று அவருடைய தாயார் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். தாயைக் குறை சொல்ல முடியுமா? பூனாகலையில் பரீட்சை நடந்தால் பாக்கியலெட்சுமிக்குப் பரீட்சை உண்டு. நடக்காவிட்டால் இல்லை.

அப்போது பொறுப்பை ஏற்றவர் நம் தனலெட்சுமி! கைதட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! தோட்டத்துக் கீழ்ப்பிரிவு லயத்து வரிசை வீட்டில் பிறந்து, பதுளைத் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, இங்கேயே வந்து கற்பிக்கும் நம் பிள்ளை. அவருக்குத் துணை நின்றவர் நிருபன் தம்பி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பதுளையில் ஓர் அலுவலகத்தில் கணினிப் பிரிவில் வேலை. சனிக்கிழமைகளில் நமக்காக மலையேறி வருவார்.

சேவை ஒரு சீடியில் வந்தது. போட்டால் உடனே ஏறிவிடும் என்று நான் நினைத்தேன். ஏறுமா? கல்யாண வீட்டுச் சம்பந்திகளைப் போல, "அவர் வந்தால்தான் நான் வருவேன்" என்றது. அந்த அவரைக் கூப்பிட்டால் அவர் வேறொருவரைக் கேட்டார். தனலெட்சுமி சளைக்கவில்லை. கேட்டதையெல்லாம் தேடித் தேடிக் கொடுத்தார், ஒவ்வொன்றாக உட்கார வைத்தார். பிறகு பிள்ளைகளின் பெயர்களைப் பதிந்தார். ஒவ்வொருவரும் மற்றவர்களைத் திரும்பி நின்றுகொள்ளச் சொல்லிவிட்டு, தத்தம் இரகசியச் சொல்லைத் தட்டினார்கள். மறுநாள் பரீட்சை. அன்று பிற்பகலில் சோதித்துப் பார்த்தார்கள்.

உள்ளே விடவில்லை!

பாக்கியலெட்சுமியை விடவில்லை. மற்றவர்களை விடவில்லை. தனலெட்சுமியையே விடவில்லை! சேர்வரில் உட்கார்ந்தால் திறக்கிறது, பிள்ளைகளின் கணினி ஒன்றிலும் திறக்கவில்லை. நேரம் பொருந்தவில்லை என்று திரையில் ஒரு வரி வந்தது. நேரத்துக்கு இங்கே என்ன வேலை என்று நான் கேட்டேன். தனலெட்சுமி எனக்குப் புரியும்படி சொன்னார். "இது ஆள பாத்து ஒரு டிக்கட் குடுக்குதுங்க சேர்மன். டிக்கட்டுல நேரம் இருக்கும். நேத்து டிக்கட்ட இன்னைக்கு நீட்டுனா கொண்டக்டர் ஏத்துவாரா? அந்த மாதிரி."

சரி, நேரத்தைப் பார்த்தோம். எல்லாக் கணினியும் ஒரே நேரத்தைக் காட்டின. சேர்வரும் அதே நேரம். சுவரிலே சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் தொங்கும் கடிகாரமும் அதே நேரம். நிருபன் தம்பி தலையைச் சொறிந்தார். "எல்லாத்திலயும் நேரம் ஒண்டாத்தானே கிடக்கு. பிறகேன் இது பிழை சொல்லுது?"

சேவையைக் கழற்றினார்கள். மறுபடியும் நிறுவினார்கள். மறுபடியும் அதே வரி. பாக்கியலெட்சுமி எழுந்தார். "அக்கா, நான் வீட்டுக்குப் போறேன். எனக்குக் குடுத்து வைக்கல" என்றார். தனலெட்சுமி திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்களைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

அந்த நேரத்தில் தேத்தண்ணித் தட்டோடு வந்தார், நிலையத்தைக் கட்டிக் காக்கும் நம் சின்னராசா அண்ணன். ஏன் அண்ணே ஒளிந்துகொள்கிறீர்கள்? தூணுக்குப் பின்னால் நின்றாலும் தெரிகிறீர்கள், முன்னால் வாருங்கள்! கணினிகளைத் தன் பிள்ளைகளைப் போலத் துடைத்து வைக்கும் மனிதர். நேரத்தில் பிழை என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நேரத்துல பிழை இருக்காதுங்க! வருசப் பொறப்பு முடிஞ்சு நாடே கடிகாரத்த அரை மணி பின்னுக்குத் தள்ளுச்சே, அன்னைக்கே நானும் தள்ளிட்டேன். செவுத்துக் கடிகாரத்த பாத்துப் பாத்து, ஒவ்வொரு பெட்டியா நானே தள்ளுனேன்."

உங்களுக்கு நினைவிருக்கும். பத்து வருடத்துக்கு முன் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளியதிலிருந்து நாம் பட்ட பாடு! பழைய நேரமா, புது நேரமா என்று கல்யாண முகூர்த்தத்துக்குக் கூடக் கேட்டுக்கேட்டுப் போன நாடல்லவா இது? அந்த ஏப்ரல் மாதத்தில் நாடு மறுபடியும் அரை மணி பின்னே வந்தது. நாம் எல்லோரும் வீட்டுக் கடிகாரத்தின் முள்ளைத் திருப்பினோம். அண்ணன் கணினிக்கும் முள்ளைத் திருப்பிவிட்டார்!

தனலெட்சுமி துள்ளி எழுந்தார். "அண்ணே, நேரத்த மட்டுமா மாத்துனீங்க? எந்த நாட்டு நேரம்னு கேக்குற இடத்தத் தொடலயா?"

"அத எதுக்குங்க தொடணும்? நம்ம நாடு எங்க போச்சு?"

சிரியுங்கள், சிரியுங்கள்! அன்று அந்த அறையே குலுங்கியது. அண்ணன் செய்ததில் என்ன குற்றம்? இந்த மலையில் யார் செய்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். கணினிக்குள்ளே உலகப் பொது நேரம் ஒன்று ஓடுகிறதாம். அதோடு நம் நாட்டுக்குரிய வித்தியாசத்தைக் கூட்டித்தான் திரையில் காட்டுமாம். நாடு அந்த வித்தியாசத்தை மாற்றிவிட்டது என்று பழைய கணினிகளுக்கு யாரும் சொல்லவில்லை. முகத்தில் புது நேரம், வயிற்றில் பழைய நேரம்! சேர்வருக்கு மட்டும் நிருபன் தம்பி புதிதாக எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்திருந்தார். அதனால் பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் உள்ளுக்குள் அரை மணி நேரம் இடித்தது. சேவை பொய் சொல்லவில்லை, அது தன் கடமையைச் செய்தது.

தனலெட்சுமி ஓரத்துக் கணினியில் அந்த ஒரே இடத்தைத் திருத்தினார். நேரத்தைச் சரி பார்த்தார். "பாக்கியம், வா. உன் பேர அடி" என்றார்.

பாக்கியலெட்சுமி பெயரை அடித்தார். இரகசியச் சொல்லை அடித்தார். நாங்கள் மூச்சை அடக்கினோம். திரை திறந்தது! மேலே ஒரு பெயர் தெரிந்தது. அந்தப் பெண் திரையை விரலால் தொட்டுப் பார்த்தார். "அக்கா, என் பேருங்க அக்கா. என் பேருதான்" என்றார்.

மறுநாள் காலை பரீட்சை அதிகாரி இத்ரூஸ் அவர்கள் வந்தார். கண்டிப்பானவர். பாக்கியலெட்சுமியின் பெயரை அடித்து, வாயில் வந்த சொல்லையெல்லாம் அடித்துப் பார்த்தார். சேவை அசையவில்லை. கடைசியில், "தங்கச்சி, உங்கட இரகசியச் சொல் என்ன? சொல்லுங்க பாப்போம்" என்றார். கொழும்பிலிருந்து வந்த அதிகாரி கேட்கிறார்! பாக்கியலெட்சுமி எழுந்து நின்றார். "மன்னிச்சுக்கங்க சேர். சொல்ல மாட்டேன். அது என்னோடது."

இத்ரூஸ் அவர்கள் சிரித்துவிட்டார். "அப்ப உங்கட சென்டர் பாஸ். இருந்து எழுதுங்க" என்றார்.

தாய்மார்களே! பெரியோர்களே! நீ யார் என்று நம்மைப் போலக் கேட்கப்பட்ட சனம் இந்த நாட்டில் உண்டா? தேயிலையை நட்டோம், நீ யார் என்றார்கள். பாதையை வெட்டினோம், நீ யார் என்றார்கள். பத்திரம் காட்டு, பிறப்பைக் காட்டு, பாட்டன் பிறந்த மண்ணைக் காட்டு என்றார்கள். காட்டிக் காட்டிக் களைத்த கைகள் அல்லவா இவை? அந்தக் கேள்வியைப் பூனாகலையில் ஓர் இயந்திரமும் கேட்டது. நம் பிள்ளை தன் பெயரைச் சொன்னாள், தன் சொல்லைச் சொன்னாள். அவள் சொன்னதே அத்தாட்சியாயிற்று! வேறு எவரும் வந்து அவளுக்குச் சாட்சி சொல்லத் தேவைப்படவில்லை. அந்தக் கதவை நிறுவியதும் நம் பிள்ளை, அதைத் திறந்து நுழைந்ததும் நம் பிள்ளை. இதைவிட எனக்கு என்ன பெருமை வேண்டும்?

பரீட்சை எழுதிய அத்தனை பேரும் சித்தியடைந்தார்கள்! சற்று நேரத்தில் சான்றிதழ் தரப்போகிறோம். அதற்கு முன் உங்கள் குழுவின் தீர்மானத்தை அறிவிக்கிறேன். இன்று முதல் இந்த நிலையத்தில் புதியவர்களின் பெயரைப் பதியும் பொறுப்பு, சம்பளத்தோடு, பாக்கியலெட்சுமிக்கு!

நாளைக் காலையிலிருந்து அந்த மேசையில் அவர் இருப்பார். அம்மா, நீங்களும் வாருங்கள். அண்ணே, நீங்களும் வாருங்கள். உங்கள் பெயர் என்ன என்று கேட்பார். சொல்லுங்கள், பதிந்துகொள்வார். உங்கள் பாட்டன் எங்கே பிறந்தான் என்று அவர் கேட்க மாட்டார்.

மழை கட்டிக்கொண்டு வருகிறது, செயலாளர் முறைக்கிறார். பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், சத்தம் குறையாமல் ஒலிபெருக்கி தந்த தம்பிமாருக்கும், அரைப் பேரோடு வந்து முழு மனத்தோடு இருந்த தாய்மார்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றியைச் சொல்லி அமர்கிறேன். வணக்கம்!