முப்பத்தாறாவது புக்கு

ஆமா டீச்சர், அந்த முப்பத்தாறாவது புக்க நான்தான் வச்சேன். ஒங்க மூனாங்கிளாஸ்ல முப்பத்தஞ்சு பிள்ளைங்கன்னு எனக்குத் தெரியாதா? தெனம் கிளாஸ கூட்டி, நாக்காலிய தூக்கி மேச மேல கவுக்கறவ நானு. ஜெயபாலன் அண்ணன திட்டாதீங்க, பாவம், கேட்டுல நிக்கிற மனுசனுக்கு ஒன்னும் தெரியாது.

ஒக்கார வேணாம்லா. நின்னுக்கிட்டே சொல்றேன்.

என் மக ஷர்மினி புக்கு. ஒம்பது வயசு. இங்க படிக்கல. எங்கயுமே படிக்கல. சூராட் பெரானாக், பொறந்த பத்திரம், இல்லாத பிள்ளைய யாரு சேத்துக்குவா?

நான் பெத்த பிள்ள இல்ல டீச்சர். புந்தோங்ல எங்களுக்குக் கீழ் வீட்டுல புஷ்பலதான்னு ஒருத்தி இருந்தா. பெத்த நாப்பதாம் நாளு, என்னால வளக்க முடியாதுக்கா, நீ வச்சுக்கன்னா. எனக்கும் பிள்ள இல்ல. கோயில்ல வச்சு ஒரு படி தவிட்ட அவ மடியில கொட்டிட்டு பிள்ளைய வாங்கிக்கிட்டேன். சுங்காய்ல எங்க எஸ்டேட்டுல அப்படித்தான் வாங்குவாங்க. அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். ஆபீஸ்ல போயி பதியணும்னு ஒருத்தரும் சொல்லல. ஏழு வயசுல ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனப்பதான் பேப்பர் கேட்டாங்க. அதுக்குள்ள புஷ்பலதா எங்க போனான்னே தெரியல.

அப்பறம் என்னா பண்ண? மத்தியானம் போர்ட அழிக்கறதுக்கு முன்னுக்கு போன்ல படம் புடிச்சிருவேன். வீட்டுக்குப் போனதும் அவ பாத்து எழுதுவா. காலையில பிள்ளைங்க புக்க அடுக்கி வச்சுட்டு அசெம்பிளிக்குப் போனதும், நடுவுல சொருவிருவேன். நீங்க திருத்தி வச்சதும் எடுத்துக்குவேன். மொத தடவ பாகுஸ், நல்லாருக்குன்னு எழுதி ஸ்டார் ஒட்டினீங்களே, பிள்ள அத உரிச்சு கன்னத்துல ஒட்டிக்கிட்டு ரெண்டு நாளு மொகம் கழுவல. கிளாஸ் செவுத்துல கன்னியாஸ்திரி சிஸ்டருங்க காலத்து ஜெபம் ஒன்னு ஒட்டியிருக்கில்ல, அதயும் படம் புடிச்சுக் குடுத்தேன். திருநீறு பூசிக்கிட்டு அதச் சொல்லும்.

இந்த வாரமும் ஒன்னும் விடல டீச்சர். திங்கக்கெழம ஆறாம் வாய்ப்பாடு. செவ்வாக்கெழம மலாய்ல பத்து வரி, குடும்பத்தப் பத்தி. புதன்கெழம பச்சப்பயற பஞ்சுல வச்சு படம் போடச் சொன்னீங்க, போட்டாச்சு. நேத்து இங்கிலீஷ் சொல்லு இருவது, எட்டு தப்பு. செவப்புல எழுதியிருந்தீங்களே, பாத்தேன். நல்லா எழுதுற பிள்ளைக்கு இந்த வாரம் என்னாச்சுன்னு. அதுக்கப்பறந்தான் தலைய எண்ணிருக்கீங்க.

பிள்ளைய கூட்டிட்டு வரச் சொல்றீங்களா? எங்கேருந்து கூட்டிட்டு வருவேன்?

ஞாயித்துக்கெழம புஷ்பலதா வந்தா. தெலுக் இந்தான்ல புருசனோட இருக்காளாம். கையில சூராட் பெரானாக். இத்தன வருசமும் அவகிட்டதான் இருந்திருக்கு. அதுல பிள்ளைக்கு தினேஸ்வரின்னு பேரு போட்டிருக்கு. மறுநாளே ஸ்கூல்ல சேக்கப் போறேன்னா. ஸ்கூலுன்னதும் பிள்ளையே பைய எடுத்துக்கிச்சு. அம்மா நீயும் வான்னு கேட்டுச்சு. சட்டையெல்லாம் மடிச்சு வச்சேன். இந்த புக்கயும் வைக்கப் போனேன், அங்க புதுசா குடுப்பாங்கக்கா, இது எதுக்குன்னா.

நல்லதுதான் டீச்சர். படிக்கட்டும். அழுகைகூட வரல எனக்கு, ஒன்னுமே வரல. வேலைக்கு வந்தேன், போர்டு இருந்துச்சு, படம் புடிச்சேன். வீட்டுல சும்மா ஒக்கார முடியல.

இந்த நாலு நாளும் எழுதினது நான்தான். எஸ்டேட் ஸ்கூல்ல நாலாவதோட நின்னவ, அவ மாதிரி கை வராது.

திங்கக்கெழமையும் வைக்கட்டா? திருத்துவீங்களா?