பெட்டியில் ஒரு புகாரும் இல்லை

எனக்குச் சர்க்கரை போடாத காபிதான் பிடிக்கும், ஐயா. நீங்கள் வரவழைத்துக் கொடுத்ததில் சர்க்கரை இருக்கிறது. இருக்கட்டும், நான் குறை சொல்கிற ஆள் இல்லை.

எங்களுடையது பெரிய சலவை ஆலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பெல்லாம் எங்களிடம்தான் வெளுக்க வரும். நான் பணியாளர் நல அதிகாரி. புகார்ப் பெட்டி என் அறை வாசலில் தொங்குகிறது. பெயர் எழுத வேண்டாம் என்று நானே அதன்மேல் எழுதி ஒட்டினேன். எல்லோருடைய விடுப்புக் கடிதமும் என்னிடம்தான் வரும். யார் கையெழுத்து எது என்பது எனக்கு அத்துப்படி. அப்புறம் பெயர் எதற்கு?

ஒரே ஒரு நியாயம் வைத்திருந்தேன். குறை சொன்னவரே அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை என்று எழுதிய அம்மாவை, ஒரு மாதம் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கப் போட்டேன். விசிறி ஓடவில்லை என்ற குண்டண்ணனை பாய்லர் பக்கம் மாற்றினேன். அங்கே விசிறியே கிடையாது, ஓடவில்லையே என்ற கவலையும் கிடையாது. மேற்பார்வையாளர் தன் மச்சானுக்கே லேசான வேலையாகக் கொடுக்கிறார் என்று ஒருவர் பொருமினார். அவரை அந்த மச்சானுக்கே உதவியாளாக்கினேன். யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. மூன்றே மாதத்தில் பெட்டிக்குள் சிலந்தி குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிட்டது.

“எப்படிய்யா எல்லாரையும் இவ்வளவு சந்தோஷமா வச்சிருக்க?” என்று முதலாளி கை குலுக்கினார். எனக்கே கூச்சமாகப் போயிற்று.

அப்புறம்தான் நெட்டை ஒரு சீட்டுப் போட்டார். ஆள் உயரம், அதனால் அந்தப் பெயர். விரிப்பைத் தேய்க்கிற சூடான உருளைக்கு முன்னால் ஒரு கம்பி உண்டு. அதில் கை பட்டால் உருளை நின்றுவிட வேண்டும். ‘கம்பி வேலை செய்யல. யார் கையாவது உள்ள போயிடும்’ என்று எழுதியிருந்தார். இரண்டு தடவை படித்தேன். ஆபத்து அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? மறுநாள் காலை அவரையே அங்கே நிறுத்தினேன்.

“சார், கம்பியச் சரி பண்ணினதும் நிக்கிறேனே,” என்றார்.

“நீங்கதான் விவரம் தெரிஞ்சவர். பார்த்துச் செய்யுங்க,” என்றேன்.

சுற்றி நாற்பது பேர் இருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தப்பென்றால் யாராவது சொல்லியிருக்க மாட்டார்களா?

ஒன்பது நாள் பார்த்துத்தான் செய்தார். பத்தாவது நாள் வலது கை முழங்கைவரை போய்விட்டது. அந்த அலறல் இன்னும் காதிலேயே இருக்கிறது, நானும் மனுஷன்தானே. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். விரிப்பு எங்கள் ஆலையுடையது, பளிச்சென்று இருந்தது.

ஆமாம், தெரிந்துதான் நிறுத்தினேன். சீட்டைக் கிழித்துப் போட்டதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் குடும்பத்தை நான் கைவிடவில்லை, ஐயா. அவர் மனைவிக்கு அதே உருளையில் வேலை போட்டுக் கொடுத்திருக்கிறேன். இன்று காலை நீங்கள் விசாரணைக்குக் கூப்பிடுவதற்கு முன்புகூட நேரில் போய், “ஏதாவது குறை இருக்காம்மா?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் இல்ல சார்,” என்றார், கம்பியைப் பார்த்தபடி.

கம்பியா? அதைப் பற்றிப் பெட்டியில் ஒரு புகாரும் இல்லையே.