கரண்டு ரம்பமும் கொழுந்தனாரும்

இரு தம்பி, இரு. அந்த பிளக்க இன்னும் மாட்டாதே. என்னா கோலம் இது? கைலி, ஜப்பான் செலிப்பர், கழுத்துல துண்டு. கரண்டு ரம்பம் புடிக்கப் போறியா, ஆத்துல குளிக்கப் போறியா?

சிரிக்காதேலா. ஒங்கண்ணனும் இப்படித்தான் சிரிச்சாரு. மழையில இந்தத் தைலமரம் சாஞ்சு நம்ம குளியல் ரூம் தகரத்து மேல உழுந்துச்சே, அன்னிக்கு ஏணியப் போட்டு ஏறுனாரு. ஈரமா இருக்குங்க, நான் ஏணியப் புடிச்சிக்கிறேன்னேன். நீ உள்ள போ, ஒனக்கு ஒன்னும் தெரியாதுன்னாரு. சரின்னு உள்ள போயி ஸ்டவ்வப் பத்த வைக்கிறேன், வெளியில தொப்புன்னு சத்தம். எஸ்டேட்டு ஆபீசையே மெரட்டுற பெரிய கிராணி, இப்ப கால்ல மாவுக்கட்டோட முன் ரூம்ல படுத்து ரேடியோவத் திருகிக்கிட்டு இருக்காரு. மரம் என்னாடான்னா கொல்லைய அடைச்சுக்கிட்டுக் கெடக்கு. கோழி கூட சுத்திக்கிட்டுத்தான் போகுது.

என்னா? பொண்ணு வீட்டுலேருந்து பதில் வந்துச்சாவா? அதானே பாத்தேன். லோரிய நிறுத்தி எறங்குனதுலேருந்து இதையே எத்தன வாட்டிதான் கேப்பே? கோலா தெர்லாவுலேருந்து இவ்வளவு தூரம், அண்ணிக்கு மரம் அறுத்துத் தரேன்னு ஓடி வந்தியே, அது எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? போன வருசம் வடிகான் அடைச்சப்ப ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன், அப்ப பூவுக்கு மருந்தடிக்கணும்னு சொல்லிட்டே. இப்ப கூப்பிடாமலே வர்றே. வரும் வரும், பதில் வரும். மொதல்ல மரம்.

ஏய், எங்க போறே? உள்ள வராதே. சேத்துக் காலோட வந்தீன்னா தெரியும் சேதி, இப்பத்தான் தரையத் தொடச்சி வச்சிருக்கேன். ஒங்கண்ணன் காற்சட்டையும் பூட்ஸும் நானே எடுத்தாந்து இங்க வச்சிருக்கேன் பாரு. அந்தக் கோழிக் கூண்டுக்குப் பின்னால போயி மாத்திக்க. நான் பாக்கலலா. நீ ஸ்கூலுக்குப் போறப்ப ஒனக்கு சட்டை பட்டன் தச்சுக் குடுத்தவ நான், எங்கிட்ட என்னா வெக்கம்?

ஆங், இப்பத்தான் வேலை செய்யிற ஆளு மாதிரி இருக்கே. துண்டக் கழட்டு. தொங்குறது எதுவும் ஒடம்புல இருக்கக் கூடாது. சட்டைக் கைய மடிச்சு இறுக்கு. கடியாரத்தையும் கழட்டு. நேரம் பாத்து என்னா பண்ணப் போறே? மோட்டார்ல போறப்ப போட்டுக்குற கண்ணாடி இருக்குல்ல, அத மாட்டிக்க. அழகு கெட்டுப் போயிடுமா? இங்க யாரு ஒன்னப் பாக்கப் போறா, நானும் கோழியுந்தான்.

ஒயரப் பாரு. இந்தப் புல்லுல இவ்வளவு ஈரம், அது மேல படுக்க வச்சிருக்கே. ரம்பத்தோட சேத்து அந்த மொதலாளி தவுக்கே குடுத்த ஒயரா இது? ஒட்டுப் போட்ட எடத்துல டேப்பு பிரிஞ்சு உள்ள செம்பு தெரியுது பாரு. கம்போங் ராஜாவுலேருந்து ரம்பத்த இரவல் வாங்குனியே, ஒயரப் பாத்தியா? பாக்கல. அந்த ஊருக்குப் போனா ஒனக்குக் கண்ணு வேற வீட்டு வாசல்ல இருக்கும், அப்பறம் எப்படி ஒயரு தெரியும்? இந்தா, இது நல்ல ஒயரு. தோள்ல போட்டு முதுகுப் பக்கமா வுடு. ரம்பம் முன்னால, ஒயரு பின்னால. ரெண்டும் பாத்துக்கவே கூடாது.

சரி, இப்ப பிளக்க மாட்டலாம். செயினுக்கு எண்ணெ ஊத்துனியா? ஏய் ஏய், தொடாதே! தொட்டுப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணுமா? சுவிட்ச ஆப் பண்ணிட்டா போதும்னு யாரு சொன்னா? பிளக்கக் கழட்டி, கண்ணு முன்னால கெடக்குறத பாத்துட்டு, அப்பறம் செயினத் தொடு. ஒவ்வொரு வாட்டியும் கழட்டணுமான்னா, ஆமா, ஒவ்வொரு வாட்டியும்.

என்னா சொல்ல வந்தே இப்ப? நீங்க உள்ளன்னு ஆரம்பிச்சியே? தொண்டை வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டே. சொல்லலயா? சரி, நீ சொல்லல. எனக்குத்தான் காதுல பிரச்சன.

ஒன்ன வெரட்டணும்னு பேசல தம்பி. ஆஸ்பத்திரியில ஒங்கண்ணன் கெடந்தப்ப நீ தெனம் வந்ததப் பாத்தவ நான். பிளாஸ்க்குல கோப்பி கொண்டாருவே, அண்ணனுக்கு ஊத்திக் குடுக்க மறந்துட்டு வார்டு கதவையே பாத்துக்கிட்டு நிப்பே. அந்த நர்சு, அம்சவல்லி மிஸி, ஊசியத் தூக்கிக்கிட்டு வந்தா, ஊசி வாங்குற மனுசன் சும்மா இருக்காரு, ஒனக்கு வேர்க்குது. தானா ராத்தா ஆஸ்பத்திரிக் குளுருல வேர்த்த ஒரே ஆளு நீதான்லா. ஒரு நாளு பூவக் கட்டிக் கொண்டாந்து, அண்ணி இது ஒங்களுக்குன்னு எங்கிட்ட நீட்டுறே, கண்ணு என்னாடான்னா அந்தப் பக்கம் இருக்கு. அத வாங்கி மிஸி மேசையில கொண்டு போயி வச்சது யாரு? இந்த ரஞ்சிதந்தான். அந்தப் புள்ளயோட அம்மாகிட்ட, எங்க வேலப்பன் பூத்தோட்டம் வச்சிருக்கான், லோரி ஓட்டுறான், குடிக்க மாட்டான்னு பேசுனதும் நாந்தான். அதனால இன்னிக்கு நான் சொல்றபடிதான் நீ கேக்கணும்.

இந்தப் பொண்ணும் இல்லன்னுட்டா இனிமே எனக்குப் பாக்கவே வேணாம்னு ஒங்கண்ணன்கிட்ட சொன்னியாமே. அவரு சொன்னாரு. அத நான் வெளையாட்டா எடுத்துக்கல. அன்னிக்கு ராத்திரி எனக்கு சோறு எறங்கல.

சரி சரி, மூஞ்சியத் தொங்கப் போடாதே. இரு, உள்ள ஒங்கண்ணன் கூப்புடுற மாதிரி இருக்கு. நான் வர்ற வரைக்கும் ரம்பத்தத் தொடக் கூடாது. பிளக்கு கீழ கெடக்கட்டும். கேட்டுச்சா?

வந்துட்டேன்லா. என்னா, அப்படியே நிக்கிறே? ரம்பத்தத் தொடலயா? நெசமா? ரொம்ப நேரமாயிடுச்சு, தெரியும். மழ வேற இருட்டிக்கிட்டு வருது, நீ பாட்டுக்கு அறுக்க ஆரம்பிச்சிருப்பேன்னு நெனச்சேன். ஒங்கண்ணனா இருந்தா இந்நேரம் மரத்தையும் அறுத்து, வேலியையும் அறுத்திருப்பாரு. ஒன்னுமில்ல, கண்ணுல தூசி. நீ பிளக்க மாட்டு.

ரெண்டு கையாலயும் புடி. கட்ட வெரல அடியில சுத்திப் புடி, மேல நீட்டிக்கிட்டு இருக்காதே. காலு நல்லா ஊணியிருக்கா? ரம்பத்துக்கு நேரா நிக்காம கொஞ்சம் ஒதுங்கி நில்லு. நுனியால குத்தாதே. நுனி மரத்துல பட்டுச்சுன்னா எகிறித் திரும்பி மூஞ்சிக்கே வரும். கைப்பிடி கிட்டக்க இருக்குற பல்ல மரத்துல முட்ட வச்சு மெதுவா எறக்கு. அமுக்காதே, அதுவே அறுக்கும். ம், ம், அப்படித்தான்.

நிறுத்து! நிறுத்து!

பாரு, மரம் அமுங்குது. இன்னும் கொஞ்சம் போயிருந்தா ரம்பத்தக் கவ்விப் புடிச்சிருக்கும். பிளக்கக் கழட்டு. அந்தக் கட்டைய உருட்டி அடியில முட்டுக் குடு. ஆனா ஒன்னு சொல்லணும், நிறுத்துன்ன ஒடனே நிறுத்திட்டே. அந்தச் சத்தத்துலயும் எப்படிலா கேட்டுச்சு? என்னையே பாத்துக்கிட்டு அறுத்தியா? மரத்தப் பாத்து அறு தம்பி, நான் எங்கயும் ஓடிப் போயிட மாட்டேன். ம், இப்ப மாட்டிக்கிட்டு அறு.

அப்பாடா. போதும், மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம். கையில பாராங்குக் கத்தி புடிச்சு வெட்டியிருந்தா ஒரு வாரம் ஆயிருக்கும். பிளக்கு கழட்டியாச்சுல்ல? ஒக்காரு, இந்தக் கட்டை மேலயே ஒக்காரு.

என்னா, எப்படி அண்ணி இவ்வளவும் தெரியும்னா? எனக்கு எங்கலா தெரியும்? தையல் மெஷினத் தவிர நான் எந்த மெஷினத் தொட்டேன்? எல்லாம் அம்சவல்லி சொல்லிக் குடுத்தது. இதுல ஒவ்வொன்னும் ஒரு ஆளாம் தம்பி. ஈரப் புல்லுல ஒயரு, அது ஒரு ஆளு. கழுத்துல துண்டு, அது ஒரு ஆளு. பிளக்கக் கழட்டாம செயினத் தொட்டது, அது ஒரு சின்ன வயசுக்காரன், இப்ப வலது கையில சோறு பெசைய முடியாது. அவ கட்டுப் போட்டு வுட்ட ஆளுங்க. ஒவ்வொருத்தனுக்கும் பக்கத்துல பொண்டாட்டி நின்னு அழுதுக்கிட்டே ஒரே வார்த்தையத்தான் சொல்லுவாங்களாம். நான் சொன்னேன் மிஸி, நீ உள்ள போன்னுட்டாருன்னு. நானும் அந்த வார்டுல அதையேதான் சொன்னேன்.

அதான், மாப்பிளகிட்ட என்னா எதிர்பாக்குறேன்னு அவள நான் கேட்டப்ப, வீடு இருக்கா வாசல் இருக்கான்னு அவ கேக்கல. ரஞ்சிதக்கா, அவரு ஒங்கள உள்ள போன்னு சொல்றாரா, அத மட்டும் எனக்குத் தெரியணும்னா. எனக்கு சுருக்குன்னுச்சு. கல்யாணமான நாள்லேருந்து உள்ள போயிக்கிட்டே இருக்குறவ நான். இப்படி ஒரு கேள்வி கேக்கலாம்னு எனக்குத் தோணவே இல்லையே.

அப்பறம் அவளே சொன்னா, நீங்க பாத்துச் சொல்ல வேணாங்கா, நானே வந்து பாக்குறேன்னு.

நான் உள்ள போயி அவ்வளவு நேரம் என்னா பண்ணேன்னு நெனச்சே? ஜன்னல் துணிக்குப் பின்னால அவளும் நானும் நிக்கிறோம். நீ ரம்பத்தப் பாக்குறே, வானத்தப் பாக்குறே, கதவப் பாக்குறே, கடைசியா ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டே பாரு, அப்ப அவ என் கையப் புடிச்சா. வுடவே இல்ல.

ஏய், எங்க எந்திரிக்கிறே? மூஞ்சியெல்லாம் மரத்தூளு. அவங்கம்மாவும் உள்ளதான் இருக்காங்க, மொகத்தக் கழுவிட்டு மெதுவா வா. தை மாசம் வச்சிக்கலாமாம். அதுவரைக்கும் பத்து வெரலும் பத்தாவே இருக்கணும்னு ஒங்கிட்ட சொல்லச் சொன்னா, மோதிரம் போடணும்ல.